சேரி எந்தத் திசையில் இருக்கிறது?

அண்ணலின் நினைவு நாளில் பேசியதை அச்சுக்காகச் சில இடங்களில் விரித்தும் சில இடங்களில் சுருக்கியும் தந்திருக்கிறேன்.

அண்ணல் அம்பேத்கர் எழுதி, அவர் வாழ்நாளில் அச்சேறாமல் போன கைப்பிரதிகளில் ஒன்று இந்திய கிராமத்தின் எழுதப்படாத சட்டங்களை வரிசையாகச் சொல்கிறது. தீண்டப்படாதவர்கள் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், அதுவும் தெற்குத் திசையில் இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நான்கு திசைகளில் தெற்குதான் அமங்கலமானது என்பது காரணம். இந்தப் பகுதியை நாங்கள் சமூகவியல் வகுப்பில் 'சாதி' என்ற தலைப்பின்கீழ் படித்தோம். பூகோளம் என்ற தலைப்பின்கீழும் படித்திருக்கலாம். திசை, தூரம், எல்லை, நீர்வழி, பாதை எல்லாம் அதில் இருக்கின்றன.

நம் திண்டுக்கல் சமவெளியில் சேரி எப்போதும் தெற்கேதான் இருக்கும் என்று சொல்ல முடியாது. கிழக்கே இருக்கிற ஊர்களைப் பார்த்திருக்கிறேன், சாலைக்கு அந்தப் பக்கம் தனியாகக் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். திசை மாறினாலும் பள்ளம் மாறுவதில்லை. குளம் மறுகால் பாய்ந்தால் தண்ணீர் முதலில் யார் வீட்டு வாசலுக்கு வரும் என்று கேட்டால் எந்தக் குழந்தையும் பதில் சொல்லிவிடும். அதைச் சொல்லும்படி பள்ளியில் யாரும் கேட்பதில்லை.

பள்ளியில் என்ன கேட்டார்கள்? என் தலைமுறைக்கு ஆரம்ப வகுப்பில் மாவட்டப் பூகோளம் இருந்தது. வடக்கு எல்லை, தெற்கு எல்லை, ஆறுகள், அணைகள், என்ன விளையும், எதற்குப் பெயர் பெற்றது. பூட்டுக்குத் திண்டுக்கல், சுங்குடிச் சேலைக்குச் சின்னாளபட்டி, வாழைக்குச் சிறுமலை, பூவுக்கு நிலக்கோட்டை. கேள்வி வந்தால் கோடிட்ட இடத்தை நிரப்புவோம். தோல் பதனிடும் தொழில் என்று ஒரு வரி வந்ததாக நினைவு. தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நிற்பவர் யார் என்பது எந்த வரியிலும் வராது. இப்போது திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, 2019இல். தோலுக்கும் ஒரு குறியீடு கொடுத்தால் அதில் எந்தத் தெருவின் பெயரைப் போடுவார்கள் என்று சில சமயம் யோசிப்பேன்.

அந்தப் பாடத்தில் ஒளிந்திருந்த நல்ல விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். நம் மாவட்டத்தின் நடுவே ஒரு நீர்பிரி எல்லை ஓடுகிறது. ஆத்தூர்ப் பக்கத்து மலைத் தண்ணீர் குடகனாறாக வடக்கே போய், வேடசந்தூரைத் தாண்டி, அமராவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. மருதாநதியும் மஞ்சளாறும் தெற்கே வைகைக்குப் போகின்றன. வத்தலக்குண்டுக் குழந்தையும் வேடசந்தூர்க் குழந்தையும் ஒரே மாவட்டம், ஆனால் அவர்கள் வீட்டு முற்றத்து மழைத்தண்ணீர் வேறு வேறு ஆறுகளுக்குப் போய்ச் சேரும். இதைக் காலடியில் காட்டிச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ளும். குறிஞ்சி, முல்லை, மருதம் என்று மனப்பாடம் செய்யவைக்கும் நேரத்தில் பாதி போதும்.

மாவட்டத்தின் பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1985 செப்டம்பர் 15இல் மதுரையிலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்துக்குத் தலைவர்கள் பெயரைச் சூட்டுவதும் மாற்றுவதும் நடந்தது. 'திண்டுக்கல் அண்ணா மாவட்டம்' என்று எழுதிய காலத்தை இங்குள்ள பலர் அறிவீர்கள். இன்று வெறும் திண்டுக்கல். ஏன்? 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் அமைந்தது. கட்டபொம்மனின் தளபதி, ஆனால் தேவேந்திரகுலத்தவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று தென்மாவட்டத்தில் கலவரம் செய்தார்கள். அரசு ஒரு வழி கண்டுபிடித்தது: எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. ஒரு தலித்தின் பெயரைத் தாங்க முடியாததால் அண்ணாவும் இறங்க வேண்டியதாயிற்று. 'நம் மாவட்டத்துக்கு எப்படிப் பெயர் வந்தது' என்ற பாடத்தில் திண்டு போன்ற கல் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

சரி, இந்த நிலத்தை முதலில் கோடு போட்டுத் தாளில் ஏற்றியவர்கள் யார்? 1792இல் திப்பு தோற்றுக் கையெழுத்திட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை கம்பெனிக்குப் போனது. கம்பெனிக்கு வரி வேண்டும். வரிக்கு அளவு வேண்டும். அடுத்த பத்தாண்டுக்குள் ஹர்டிஸ் என்ற கலெக்டர் திண்டுக்கல் சீமையை அளக்கத் தொடங்கிவிட்டார். 1821இல் வார்டு என்ற ராணுவ அதிகாரி பழனி மலையை அளந்து எழுதினார். இதே காலத்தில் சென்னையில் நடந்த ஒன்று நம் பொருளுக்கு நெருக்கமானது. 1794இல் மைக்கேல் டாப்பிங் ஒரு நில அளவைப் பள்ளியைத் தொடங்கினார், எட்டே மாணவர்களோடு. அவர்கள் அநாதை இல்லத்திலிருந்து எடுக்கப்பட்ட, ஐரோப்பியத் தகப்பனுக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்த பையன்கள். பிற்காலத்தில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது அந்தப் பள்ளிதான். நம் நிலத்தை வரைபடமாக்கும் வித்தையை நவீன முறையில் முதலில் கற்றுக்கொண்டவர்கள் பிள்ளைகள். கற்றுக்கொடுத்தது கம்பெனியின் கணக்குக்காக.

அளவைக்காரன் சங்கிலியோடு வந்து நிற்கும்போது எல்லை எது என்று காட்டியவன் யார்? ஊர்க் கர்ணத்திடம் கணக்கு இருந்தது. தரை, வெட்டியானிடமும் தோட்டியிடமும் இருந்தது. எந்தப் புஞ்சை எந்த வரப்பில் முடிகிறது, எந்த மடை எந்த வயலுக்கு என்பதெல்லாம் அவர்கள் கால் அறிந்தது. எல்லைத் தகராறு வந்தால் பறையரை அழைத்து, தலையில் தண்ணீர்க் குடத்தை வைத்து எல்லையில் நடக்கச் சொல்வார்கள், அவர் நடந்த தடமே தீர்ப்பு என்ற வழக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவுகள் சொல்கின்றன. 1909இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பிலும் இதைக் காணலாம். நான் இதை ஒரு பெருமைக் கதையாகச் சொல்லவில்லை. நிலத்தில் பங்கில்லாதவன் பொய் சொல்ல மாட்டான் என்ற கணக்கும் அதில் இருக்கிறது. ஆனாலும், ஓர் ஊரின் எல்லையை முழுதாக அறிந்தவர், அந்த எல்லைக்குள் வீடு கட்ட முடியாதவராக இருந்தார். நில அளவை முடிந்து கல் நட்ட பிறகு அவர் கால் தேவைப்படவில்லை. அறிவு தாளுக்குப் போனது, தாள் கர்ணத்தின் வீட்டுக்குப் போனது. 1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிகளை ஒழிக்கும்வரை அது அங்கேதான் இருந்தது.

தாளைப் படிக்கும் வாய்ப்பு நமக்கு எப்போது வந்தது என்பது தனிக் கதை. சுருக்கமாகச் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் இருந்த ரேனியஸ் 1832இல் 'பூமி சாஸ்திரம்' என்ற தமிழ்ப் பூகோள நூலை வெளியிட்டார். மேரு மலையும் ஏழு கடலும் என்ற புராணக் கணக்குக்கு எதிராக மிஷனரிகள் உலக உருண்டையைத் தூக்கிக்கொண்டு வந்த காலம் அது. அமெரிக்கன் மதுரை மிஷன் 1835இல் திண்டுக்கல்லில் நிலையம் அமைத்தது. அரசு தன் பங்குக்கு 1893 பிப்ரவரியில் பஞ்சமர் கல்விக்கான ஆணையை வெளியிட்டது. இந்தப் பள்ளிகளால் சேரிப் பிள்ளைக்கு லண்டன் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது, அது சிறிய விஷயமல்ல. ஊரைத் தாண்டி உலகம் உண்டு என்று அறிவதுதான் நம் பாட்டன்மாரைத் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் பட்டாளத்துக்கும் அனுப்பியது. தன் ஊரைக் கேள்வி கேட்பதற்கு அந்தப் பூகோளம் போதவில்லை, அவ்வளவுதான்.

உள்ளூரைப் படிப்பது என்ற யோசனை நம் பக்கத்தில் காந்தியவாதிகள் வழியாக வந்தது. 1937இல் வார்தா மாநாடு, ஜாகிர் உசேன் குழு, ஆதாரக் கல்வி. கைத்தொழிலோடும் சுற்றுப்புறத்தோடும் பாடத்தை இணைக்க வேண்டும் என்றார்கள். சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். கிராமத்தை ஒரு பாடப்பொருளாக மதித்து அதற்கென நிறுவனம் கட்டிய வேலை அது, அதன் பயனைப் பெற்ற தலித் குடும்பங்களும் இந்த வட்டாரத்தில் உண்டு. அதை மறுப்பது நேர்மையில்லை. ஆனால் அண்ணலுக்கும் காந்திக்கும் இருந்த சண்டையின் ஒரு முனை இங்கேதான் இருக்கிறது. 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் கிராமத்தைப் பற்றிப் பேசியதை நீங்கள் அறிவீர்கள். கிராமம் என்பது குறுகிய பற்றும் அறியாமையும் வகுப்புவாதமும் தேங்கிய இடம் என்பது அவர் கருத்து. அப்படியானால் 'உள்ளூர் அடையாளத்தை வலுப்படுத்துவோம்' என்று ஒருவர் வந்து சொல்லும்போது நாம் முதலில் கேட்க வேண்டியது, யாருடைய உள்ளூர்?

இந்தக் கேள்விக்கு 1953இலேயே ஒரு பதில் கிடைத்தது. ராஜாஜியின் ஆரம்பக் கல்வித் திட்டம். கிராமப் பள்ளிகளில் பாதி நேரம் வகுப்பு, மீதி நேரம் வீட்டில் தகப்பன் தொழில். தன் ஊரைப் படி என்பது தன் ஊரிலேயே, தன் தொழிலிலேயே கிட என்று ஆவதற்கு எவ்வளவு குறைந்த தூரம் என்பதை அது காட்டியது. குலக்கல்வி என்று எதிர்த்தார்கள், அடுத்த ஆண்டே அவர் பதவி போனது, காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். உள்ளூர்ப் பாடம் பற்றி யார் பேசினாலும் நம்மவர்களுக்கு இன்னும் ஒரு சந்தேகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது.

இன்னொரு காரணம் இன்றையது. உள்ளூர் அடையாளத்தை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்று நினைக்காதீர்கள். கையில் கட்டும் கயிற்றின் நிறத்தில், சைக்கிளில் ஒட்டும் ஸ்டிக்கரில், பேருந்து நிறுத்தச் சுவரில் அது அன்றாடம் கற்பிக்கப்படுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, பள்ளிப் பெயரில் சாதி எல்லாவற்றையும் பற்றி அது பேசுகிறது. கயிற்றை அறுக்கலாம். அறுத்த கையில் என்ன கொடுக்கப்போகிறோம்? 'இது எங்க ஏரியா' என்று ஒரு பையன் சொல்லும்போது அவன் ஏதோ ஒரு வரைபடத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறான்.

இந்த இடத்தில் கடல் கடந்து ஒரு நகரத்துக்குப் போய் வருகிறேன். அமெரிக்காவின் டெட்ராய்ட். 1960களின் இறுதியில் வில்லியம் பங்கி என்ற பூகோளப் பேராசிரியர் கறுப்பின மக்கள் வாழும் ஃபிட்ஸ்ஜெரால்டு பகுதியில் குடியிருந்தார். க்வெண்டலின் வாரன் என்ற, பதின்பருவம் தாண்டாத கறுப்பினப் பெண்ணோடு சேர்ந்து அந்தப் பகுதி இளைஞர்களுக்குப் பூகோளம் கற்பிக்கும் அமைப்பை உருவாக்கினார். தூரதேசத்துக்குப் போனால்தான் ஆய்வுப் பயணமா, நம் தெருவுக்கே ஒரு பயணம் போவோம் என்பது அவர்கள் எண்ணம். அவர்கள் போட்ட வரைபடங்களில் ஒன்று, நகரத்துக்கு வேலைக்குப் போய்வரும் வெள்ளையர்களின் கார்கள் எந்தெந்த இடத்தில் கறுப்புக் குழந்தைகளை ஏற்றிக் கொன்றன என்பதைப் புள்ளி புள்ளியாகக் காட்டுவது. ஒவ்வொரு சாவும் தனித்தனி விபத்தாகக் காவல் நிலையத்தில் கிடந்தது. ஒரே தாளில் வைத்ததும் அது ஒரு சாலையின் கதையாகிவிட்டது. 1971இல் வெளியான அந்த வேலையில் என்னை ஈர்ப்பது, வாரன் போன்றவர்கள் தங்களை ஆய்வுப்பொருளாக வைத்துக்கொள்ள மறுத்ததுதான். கல்லூரிக்காரர் வந்து படம் போட்டுக்கொண்டு போவதில்லை, படம் போடும் வித்தையை எங்களுக்குக் கொடு என்று கேட்டார்கள்.

நமக்கு டெட்ராய்ட் வேண்டியதில்லை என்று சொல்லும் அளவுக்கு நம் ஊரிலேயே ஒரு சான்று உண்டு. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றிய வழக்கு. மாசுபடுத்தியவனே இழப்பீடு கொடுக்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிறுத்திய தீர்ப்பு என்று சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். வேலூர் பெயரில் இருப்பதால் நாம் அதை நம் கதையாக நினைப்பதில்லை. அதில் திண்டுக்கல் இருக்கிறது. 'பீஸ் மெம்பர்ஸ்' என்ற தொண்டு அமைப்பு திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் கிணறுகளை எண்ணியது. குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. பெண்களும் பிள்ளைகளும் குடிதண்ணீருக்கு மைல் கணக்கில் நடக்கிறார்கள் என்றும் தீர்ப்பு குறிப்பிடுகிறது. இணையத்தில் கிடைக்கும் தீர்ப்பின் படியில் ரெட்டியார்சத்திரம் 'பெட்டியார் சத்திரம்' என்று பிழையாக விழுந்திருக்கிறது. நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்துக்கு நம் கிணறுகள் போய்ச் சேர்ந்துவிட்டன, ஊர்ப் பெயர் வழியில் தடுக்கி விழுந்துவிட்டது.

யாரோ சிலர் ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு கிணற்றையும் எட்டிப் பார்த்து, கெட்டது, கெடாதது என்று குறித்திருக்கிறார்கள். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு முடியும். அந்த எண்ணிக்கை இல்லாமல் 'தண்ணீர் கெட்டுப்போச்சு' என்ற புலம்பல் மட்டும் இருந்திருந்தால் தீர்ப்பில் திண்டுக்கல்லுக்கு ஒரு வரி கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். தோல் ஷாப்பில் உழைத்தவர்களும் கெட்ட தண்ணீரைக் குடித்தவர்களும் பெரும்பாலும் ஒரே மக்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆலையை மூடினால் கூலி போகும், நடந்தால் கிணறு போகும். அந்தச் சிக்கலைத் தீர்ப்பு தீர்க்கவில்லை.

நாங்கள் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு குடியிருப்பில் மாலைப் பள்ளி நடத்துகிறோம். உங்கள் ஊரை வரையுங்கள் என்று தாளைக் கொடுத்த அன்று ஒரு சிறுமி கேட்டாள்: "ஊரையா அக்கா வரையணும், நம்ம காலனியையா?"

நம் பேச்சுமொழியில் ஊர் என்றால் அவர்கள் இருக்கும் இடம். நாம் ஊருக்குப் போய்விட்டு வருகிறவர்கள். இரண்டையும் வரை என்றேன். வந்த தாள்களில் பெரும்பாலானவற்றில் நடுவில் ஊர்க் கோயில், தேர் நிற்கும் இடம், கடைகள். குடியிருப்பு ஒரு மூலையில், சில தாளில் இல்லவே இல்லை. பிள்ளைகள் நுழையாத கோயிலின் கோபுரத்தை அத்தனை அழகாக வரைந்திருந்தார்கள். அடுத்த வாரம் தாளின் நடுவில் மாலைப் பள்ளியை நானே ஒரு புள்ளியாக வைத்துக் கொடுத்து, இங்கிருந்து எத்தனை அடி என்று காலால் அளந்து வரச் சொன்னேன். ரேஷன் கடை எத்தனை அடி, மேல்நிலைத் தொட்டி எத்தனை அடி, பள்ளிக்கூடம், மயானம். பிறகு பாதைகளுக்கு நிறம்: எப்போதும் போகலாம் என்றால் பச்சை, செருப்போடு போனால் முறைப்பார்கள் என்றால் மஞ்சள், இரவில் போகக் கூடாது என்றால் சிவப்பு. யாரும் சொல்லிக்கொடுக்காமல் பெண் பிள்ளைகளின் தாளில் சிவப்பு அதிகமாக இருந்தது. சாதி வரைபடத்துக்கு உள்ளே இன்னொரு வரைபடம்.

மயானப் பாதையில்தான் விஷயம் கனமானது. பிள்ளைகள் அளந்தது ஒற்றையடி. அரசின் இணையச் சேவையில் அந்த நிலத்தின் புலப்படத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் அது வண்டிப்பாதைப் புறம்போக்கு, பாடை தூக்கிக்கொண்டு எட்டுப் பேர் தாராளமாக நடக்கலாம். இரண்டு பக்கமும் வரப்பு நகர்ந்து நகர்ந்து வந்திருக்கிறது. மழைக்காலத்தில் பிணத்தை வயல் சேற்றில் இறங்கித் தூக்கிப்போன கதை எல்லா வீட்டிலும் இருக்கிறது. அது விதி என்று சொல்லிக்கொண்டிருந்த பெரியவர்கள் புலப்படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நிலத்தைத் தொட்டால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கும் வழி திறந்த பஞ்சமி நிலங்களை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். 1997இல் மேலவளவு, ஊராட்சித் தலைவர் முருகேசன். பிள்ளைகள் போட்ட படத்தைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துக் கிராமசபையில் நிறுத்துவது சில தொண்டு நிறுவனங்களுக்குப் புகைப்படமாக நன்றாக இருக்கலாம். மறுநாள் அந்தப் பிள்ளை அதே மஞ்சள் பாதையில்தான் பள்ளிக்குப் போக வேண்டும். ஆகவே நாங்கள் ஒரு முடிவெடுத்தோம்: வரைபடத்தில் எந்தப் பிள்ளையின் பெயரும் இருக்காது, மனுவில் பெரியவர்கள் கையெழுத்திடுவார்கள், சர்வேயர் அளக்க வரும் அன்று பிள்ளைகளை வரச்சொல்ல மாட்டோம். பங்கேற்பு என்ற சொல்லை லேசாகப் பயன்படுத்துகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவதாக அறிவித்தார். வசைச்சொல்லாகிவிட்டது என்பது காரணம், சரியான காரணம். அந்த இடத்தில் என்ன பெயர் வரும் என்பதை யார் முடிவு செய்வது? அதிகாரிகளிடம் விட்டால் பூவின் பெயரோ தலைவர் பெயரோ வரும். எங்கள் பிள்ளைகள் பாட்டிமார்களிடம் கேட்டுக்கொண்டு வந்தார்கள். குடியிருப்பு இருக்கும் திட்டுக்கு, பக்கத்து ஓடைக்கு, வெட்டிப்போட்ட புளியமரம் நின்ற இடத்துக்கு எல்லாம் பெயர் இருக்கிறது. எந்தப் பதிவேட்டிலும் ஏறாத பெயர்கள். கிராமசபைக்குப் போகும் மனுவில் அவற்றையும் சேர்த்திருக்கிறோம். அடுத்த கிராமசபை ஜனவரி 26.

அந்த 467 கிணறுகளுக்கும் இப்படிப் பெயர்கள் இருந்திருக்கும். தீர்ப்பில் எண் மட்டும்தான் இருக்கிறது. வரும் கோடை விடுமுறையில் திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் மாலைப் பள்ளி நடக்கும் ஊர்களில் பிள்ளைகளோடு அந்தக் கிணறுகளைத் தேடிப் போகலாம் என்றிருக்கிறோம். தூர்ந்துவிட்டதா, தண்ணீர் இருக்கிறதா, என்ன நிறம், என்ன பெயர், முன்பு யார் இறைக்கலாம், யார் கரையில் நிற்க வேண்டும் என்று இருந்தது. ஒரு கிணற்றுக்கு ஒரு தாள். கூட வரக்கூடிய ஆசிரியர்கள், குறிப்பாக ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்கள், கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் தங்கி ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுப் போகக் கேட்டுக்கொள்கிறேன்.